தேவராஜ் அண்ணனை நான் அறைந்த நாள்

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் தேவராஜ் அண்ணனைத்தான் கூப்பிடுவோம். பட்டாளத்தில் இருந்தபோது எல்லையில் சண்டை போட்டவர். ஓய்வுபெற்ற பிறகு பிளம்பர் ஆனார். சண்டையைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார்.

தீபாவளிக்கு முந்தைய நாள் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். என் நான்கு வயது மகள் அருகில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தெருவில் சரவெடி வெடித்தது. மகளின் அலறல் கேட்டு ஓடினேன். அவளைத் தரையில் தள்ளி, அவள்மேல் கவிழ்ந்து கிடந்தார் அண்ணன். என்ன ஏது என்று கேட்காமல் அவரை இழுத்து ஓங்கி அறைந்தேன்.

அவர் பார்வை என் மகளிடமே இருந்தது.

“குண்டுன்னு நெனச்சிட்டேம்மா... பாப்பாவுக்கு அடி கிடி படலயே?”

நான் மன்னிப்புக் கேட்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் போனார்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“உங்க வீட்டைப் பத்தி எப்பவும் நல்லவிதமாத்தான் சொல்வாரும்மா. பாப்பா எப்படி இருக்கு?”

நான் அறைந்ததை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அங்கேயாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “நல்லா இருக்காக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.