ஒரு தவளையில் ஆயிரத்தில் ஒரு பங்கு

போன வாரம் ஒரு நாள் காலையில் எங்கள் கரமனை வீட்டு அடுக்களையில் சின்னதாக ஒரு யுத்தம். இருப்பது ஒரே அடுப்பு. அதன் முன்னால் நானும் என் ஓர்ப்படி வத்சலாவும் - அதாவது, என் கணவரின் தம்பி மனைவி. எந்த வீட்டில்தான் இல்லை இது என்கிறீர்களா? இருக்கும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு பிஹெச்.டி. வைவா, வாய்மொழிப் பரீட்சை!

இங்கே யூனிவர்சிட்டியில் ஒரு வழக்கம். டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர்தான் வந்தவர்களுக்கெல்லாம் டீயும் பலகாரமும் ஏற்பாடு செய்ய வேண்டும். "நானே வடை தட்டிடறேன் மன்னி" என்றாள். "நீ போய்ப் படி. அடுப்புப் பக்கம் வராதே" என்றேன். கரிசனமாகத்தான் சொன்னேன். குரல்தான் வேறு மாதிரி வந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப் போயிற்று.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அடுப்புதான் எங்களுக்குள் தகராறு. தனியாகப் போய்விடலாம் என்று அவள் புருஷனிடம் முணுமுணுப்பது என் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவள் ஆராய்ச்சி என்ன தெரியுமோ? ஒரே குளம், ஒரே தீனி, இரண்டு ஜாதித் தவளை. ஒன்று மற்றதை ஒழித்துக்கட்டாமல் இரண்டும் எப்படிச் சேர்ந்து பிழைக்கின்றன? சமன்பாடு எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டிச் சொல்ல வேண்டும். நிஜத் தவளையைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்கிறவள் இவள்!

அவள் கண்டுபிடித்த பதில் எனக்கே புரிந்தது. வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் ஒரு ஜாதி கொழிக்கும், மற்றது இளைக்கும். ஐப்பசியில் வரும் துலாமழையில் நேர்மாறு. மாறி மாறி ஜெயிப்பதால் இரண்டும் பிழைக்கும். ஆஹா... எவ்வளவு சுலபம்!

கிழக்கேகோட்டையில் பஸ் மாறி யூனிவர்சிட்டிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். என் மடியில் வடை டப்பா.

இந்த வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். கடைசி வரிசையில் நான். புரொஜக்டரில் ஒவ்வொரு ஷீட்டாக வைத்து, தவளைக் கணக்கு ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டி வத்சலா பேசினாள் பாருங்கள்... அடுக்களையில் வாயே திறக்காத பெண்ணா இவள்?

வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் கையைத் தூக்கினார். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

"இந்தக் கோடு அடிமட்டத்துக்கு இறங்குகிற இடத்தில் எத்தனை தவளை இருக்கிறது?"

"பாயின்ட் ஸீரோ ஸீரோ ஒன், சார்."

"அதாவது, ஒரு தவளையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது அடுத்த மழையில் முட்டையிட்டு, மறுபடி குளத்தை நிரப்புகிறது. அப்படித்தானே?"

யாரோ சிரித்தார்கள். கணக்குக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. காகிதத்தில் பூஜ்யம் ஆகாத வரை அவர்களுக்கு எதுவும் சாவதில்லை. அவளுடைய கைடு, பாவம், நெற்றியைத் தடவிக்கொண்டு "வத்சலா, பறயூ..." என்று மலையாளத்தில் மெதுவாகப் பதில் சொல்லச் சொன்னார்.

"செத்துப் போயிருக்கும், சார்" என்றாள் வத்சலா. "சமன்பாட்டுக்கு அது தெரியாது. நான் கவனித்திருக்க வேண்டும்."

"ஒன்றுக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று ஒரு வரி சேர்த்து இப்போதே ஓட்டிப் பாருங்கள். நாங்கள் டீ குடித்துவிட்டு வருகிறோம். தவளை செத்தால் தீசிஸும் போன மாதிரிதான்."

ஒரே ஒரு வரி. அத்தனை வருஷ உழைப்பும் அதில் தொங்குகிறது!

வராந்தாவில் வடையை எடுத்து வைத்தேன். எக்ஸாமினர் இரண்டு சாப்பிட்டுவிட்டு "பிரமாதம்" என்றார். அடப்பாவி மனுஷா! எங்காத்துப் பெண்ணைக் கவிழ்த்துவிட்டு என் வடையையே சாப்பிடுகிறாயே? - ஆமாம், எங்காத்துப் பெண். காலையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டப்பாவை அப்படியே விட்டுவிட்டு, வத்சலா கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த லேபுக்கு ஓடினேன். "உள்ளே வாங்கோ மன்னி" என்றாள். திரையில் கோடு இறங்கியது. அடியைத் தொட்டது. எழுந்திருக்கவே இல்லை.

"போச்சு. ஒத்தைக் குளத்துல நடக்காது மன்னி. ஒண்ணு மத்ததை முடிச்சுடறது." கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். "கடைசி சாப்டர்ல பக்கத்துக் குளம் ஒண்ணையும் சேத்துப் போட்டிருக்கேன். அது ஆழம் ஜாஸ்தி. இங்கே தோக்கறது அங்கே தாக்குப்பிடிக்கும். நடுவுல சின்ன வாய்க்கால், அது வழியாத் திரும்பி வரலாம். அதுல இந்த வரியைப் போட்டுப் பாக்கட்டா?"

"என்னை ஏண்டி கேக்கறே? போடு!"

வெளியே டீ கிளாஸ்களை அடுக்குகிற சத்தம். ஹாலில் நாற்காலிகளை இழுக்கிறார்கள். கம்ப்யூட்டரோ ஆடி அசைந்து நகர்கிறது. பத்மநாபா, கரண்ட் மட்டும் போகக் கூடாது!

கோடு இறங்கியது. அடியைத் தொட்டது. அங்கேயே படுத்துக் கிடந்தது... கிடந்தது... மெல்ல எழுந்தது. வத்சலா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

ஹாலில் அவள் மழுப்பவில்லை. "ஒரே குளத்தில் இரண்டும் பிழைக்கும் என்று நான் எழுதியது தப்பு, சார். பக்கத்தில் இன்னொரு குளம் வேண்டும். போக வர வழி வேண்டும். அப்படித் திருத்தித் தருகிறேன்."

எக்ஸாமினர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார், பார்த்தார்... கடைசியில் பேனாவை மூடினார்.

"திருத்திக் கொடுங்கள், டாக்டர் வத்சலா."

நான் அழுதேன். கடைசி வரிசைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஸ்டோர் ரூமைக் காலி செய்து இன்னொரு அடுப்பு போட்டாயிற்று. அது வத்சலாவின் அடுப்பு. நடுவில் ஒரு கதவு இருக்கிறது - அதன் தாழ்ப்பாளை மட்டும் கழற்றச் சொல்லிவிட்டேன்.