மேடைக்கு எந்த வழி?

என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள், இப்போதுதான் காய்ந்திருக்கின்றன. பேனா பிடித்து வந்தவை அல்ல. கடப்பாரை பிடித்து!

இந்த வயதில் உமக்கு எதற்கய்யா கடப்பாரை என்கிறீர்களா? எல்லாம் இந்தப் பத்தியால் வந்த வினை.

சில மாதங்களுக்கு முன் இதே இடத்தில் நான் அடித்த தம்பட்டம் நினைவிருக்கிறதா? எங்கள் செஞ்சி கலை மன்றத்தில் சாய்தளம் கட்டிவிட்டோம், கைப்பிடிக் கம்பி போட்டுவிட்டோம், முன்வரிசையில் வீல்சேர் நிறுத்த இடம் விட்டிருக்கிறோம், இனி இது எல்லோருக்குமான அரங்கம் என்று... ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் அது சாய்தளம், இல்லாவிட்டால் சறுக்குமரம் என்று பாடம்கூட எடுத்தேன். மன்றக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர் என்கிற மிதப்பு.

அதைப் படித்துவிட்டு ஒருவர் வந்தார்.

தொண்டூரிலிருந்து குணசுந்தரி. முப்பது வயதிருக்கும். பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. சின்ன வயதிலிருந்தே நடக்க முடியாது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை அவர் ஓட்டிவர, பின்சீட்டில் தங்கை, தங்கையின் மடியில் மடக்கிய வீல்சேர். இறங்கினார், உட்கார்ந்தார், யாரும் தள்ளாமல் தானே சாய்தளத்தில் ஏறி உள்ளே வந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வாங்கம்மா, மொத வரிசையில ஒங்களுக்குன்னே எடம் விட்டிருக்கோம்" என்றேன்.

"நான் பாக்க வரல சார். மிமிக்ரி பண்ணுவேன். ஆண்டு விழாவுக்குப் பேரு குடுக்க வந்தேன்" என்றவர், அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "மேடைக்கு எந்த வழி சார்?"

வழியா? மேடை மூன்றடி உயரம். ஓரத்தில் செங்குத்தாக ஐந்து படி. அவ்வளவுதான்.

கழிப்பறைக் கதவைக்கூட அகலப்படுத்தினோம். ஆனால் வீல்சேரில் இருக்கும் ஒருவர் மேடையேற வருவார் என்று எங்கள் குழுவில் ஒருவருக்கும்... எனக்கும்... தோன்றவே இல்லை. வருவார்கள், பார்ப்பார்கள், கைதட்டுவார்கள் — அத்தோடு எங்கள் கற்பனை தீர்ந்துவிட்டது. எழுதும்போதே கூசுகிறது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அதுக்கின்னாம்மா, கோட்டைக்கே ஏறிப் பழகுன ஊரு. நாலு பேரு சேந்து சேரோட தூக்கி வச்சிட மாட்டமா?" என்றேன், ஏதோ பெரிய உபகாரம் செய்கிறாற்போல.

குணசுந்தரி சிரித்தார். "நாலு பேரு தூக்குற நாளு எல்லாருக்கும் ஒருதபா வரும் சார். அப்ப தூக்குங்க, வேணான்னு சொல்ல மாட்டேன். இப்ப நானேதான் போவணும்."

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பள்ளிக்கூடத்துல இருந்தே இப்படித்தான் சார். பேரு குடுப்பேன், படியப் பாத்துட்டுத் திரும்பிடுவேன். கடையில கஸ்டமர் மட்டும்தான் கேட்டிருக்காங்க. ஒரு தடவகூட ஜனத்துக்கு முன்னால செஞ்சதில்ல."

அவர் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரமே குழுவைக் கூட்டினேன். குணசுந்தரியையும் அழைத்தேன். மேடைக்கும் ஒரு சாய்தளம் போடலாம் என்பது என் யோசனை.

"நீங்கதான சார் எழுதனீங்க? மூணடிக்கு முப்பத்தாறு அடி வரும். அப்புறம் ஜனம் எங்க குந்தும்?" என்றார் அவர். என் பாடத்தை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்!

"அந்தப் பொண்ணு மட்டும் கீழ நின்னு... அதாவது, கீழ இருந்து பண்ணட்டுமே" என்றார் எங்கள் தலைவர். அரிசி மண்டி வைத்திருப்பவர். அந்த மேடையே அவர் கட்டிக்கொடுத்ததுதான்.

"எல்லாரும் மேல, நான் மட்டும் கீழயாண்ணே?"

அப்போதுதான் உறுப்பினர்களில் ஒருவரான கூத்து வாத்தியார் ஏழுமலை வாயைத் திறந்தார். "நாங்க என்னிக்கிப்பா மேடையில ஆடனோம்? தரையிலதான் ஆடறோம். ஜனம் சுத்தி குந்திக்கினு பாக்குது. எல்லாரும் கீழ வந்துட்டா இன்னா? மேடைய இடிச்சிடுங்க."

தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சீஃப் கெஸ்ட்டு வந்தா தரையில நிக்க வச்சா பொன்னாடை போடுவீங்க?"

"ராஜா வேஷமே தரையிலதான் நிக்குது. ஒங்க சீஃப் கெஸ்ட்டு ராஜாவவிடப் பெரியவரா?"

யோசித்துப் பாருங்கள். நம் ஊர் மேடைகளில் பாதி பொன்னாடைக்காக, மீதி அதைப் போட்டோ எடுப்பதற்காக. நடுவில் கலை கொஞ்ச நேரம் வந்துபோகும்.

ஆனால் தலைவரின் வருத்தம் பொன்னாடை அல்ல. மேடையின் முகப்பில் அவர் அப்பா பெயர் பொறித்த கல் இருக்கிறது. "எங்க நைனா பேருய்யா அது... அத இடிக்கச் சொல்றீங்களா?" குரல் கம்மிவிட்டது.

குணசுந்தரிதான் பேசினார். "அண்ணே, நான் ஒக்காந்தே போறவ. அதனால அந்தக் கல்லு எனக்குக் கண்ணுக்கு நேரா தெரிஞ்சிது, படிச்சேன். மத்தவங்க யாராச்சும் குனிஞ்சி படிச்சிருப்பாங்களா? வாசல்ல வைங்க. உள்ள வர்ற எல்லாரும் ஒங்க நைனா பேரப் பாத்துட்டு வரட்டும்."

தலைவர் ஒரு வாரம் மன்றத்துப் பக்கமே வரவில்லை. நாங்களும் விடுவதாக இல்லை. தினம் ஒருவர் மண்டிக்குப் போய் உட்கார்ந்தோம். நான் போன நாளில் டீ வந்தது, பதில் வரவில்லை. எட்டாம் நாள் அவரே மேஸ்திரியோடு வந்தார். கல்லைப் பெயர்த்து வாசல் சுவரில் பதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம் கடப்பாரையை வாங்கி, மேடையில் முதல் போடு அவரே போட்டார். இரண்டாவது போடு நான். கொப்புளங்களின் கதை இதுதான்.

போன ஞாயிறு ஆண்டு விழா. நடுவில் தரை, மூன்று பக்கமும் ஜனம். சீஃப் கெஸ்ட்டுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிதான். சௌகரியமாகவே உட்கார்ந்திருந்தார்.

குணசுந்தரியின் பெயரை அறிவித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழக்கதோஷத்தில் இரண்டு பேர் தள்ளிவிட எழுந்தார்கள். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் நடுத்தரைக்கு வந்து சேர்ந்தார்.

மைக்கை வாங்கினார். முதலில் தலைவரின் குரல். அடுத்து, "நாலு பேரு சேந்து தூக்கி வச்சிட மாட்டமா?" — அசல் நான்! அரங்கமே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்கடுத்து நம் பஸ் ஸ்டாண்ட் மைக், அந்த இழுவை மாறாமல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு... மன்ற வாசலில், சாய்தளத்தின் பாதியை மறித்து நிறுத்தப்பட்டிருக்கும் நீல நிற மொபெட்டின் உரிமையாளர், உடனே வந்து வண்டியை எடுக்கவும்..."

விசில் பறந்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பாதிச் சிரிப்பில்தான் உறைத்தது... அந்த நீல மொபெட் என்னுடையது!