நாலு வரியும் ரெண்டு மயிலும்

கிராம்பு வாசம்...

இப்பவும் ஏதாச்சும் கல்யாண வீட்ல பிரியாணிக்கு நடுவுல அது தனியா வந்துச்சுன்னா, எனக்கு ஞாபகம் வர்றது சோறு இல்ல. ஒரு மைக்கு. அருப்புக்கோட்டையில, பாத்திரக்கடை மாடியில இருந்த எங்க லோக்கல் சேனலோட மைக்கு.

காலேஜ் முடிச்சு நான் சேர்ந்த மொத வேலை அது. எங்க வீட்ல மொத டிகிரியும் நான்தான். திருச்சுழிப் பக்கத்துல இருந்து தெனமும் பஸ்ஸு. சாயங்காலம் வர்ற ஊர்ச் செய்தியும், வாரம் ஒரு கிராமத்தைப் பத்தி வர்ற நிகழ்ச்சியும் எழுதுறது நானு. வாசிக்கிறது ஜெரினா.

ஜெரினா என் காலேஜ் செட்டுதான். அவுங்க அத்தா பஜார்ல ஜவுளிக்கடை வச்சிருந்தாக. தொண்டைக்கு நல்லதுன்னு ஒரு கிராம்பை வாயில ஒதுக்கிட்டுத்தான் மைக்கு முன்னாடி உக்காருவா. மைக்கு பஞ்சுலயே அந்த வாசம் ஏறிப்போயிக் கெடந்துச்சு.

எனக்கு நாலு பேரு இருந்தா கொரல் நடுங்கும். அவளுக்கு நாப்பது பேரு இருந்தாத்தான் பேச்சே வரும்.

ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போனப்ப, நானும் ஒரு கிராம்பை வாயில போட்டுக்கிட்டு, நான் எழுதுனதை நானே வாசிச்சு ரெக்கார்டு பண்ணிப் பார்த்தேன்.

கேட்டேன்... அழிச்சுட்டேன்.

நாக்கு மட்டும் சாயங்காலம் வரைக்கும் எரிஞ்சுச்சு.

ஊருக்குத் திரும்புற பஸ்ஸுல, "நரிக்குடிப் பக்கத்துக் கண்மாயைப் பத்தி நேத்து அந்தப் புள்ள என்னமா சொல்லுச்சு"ன்னு பேசிக்குவாக. நான் பின் சீட்டுல உக்காந்து கருவேலங்காட்டைப் பார்த்துக்கிட்டே வருவேன். அந்தக் கண்மாய்க் கரையில வெயில்ல நின்னு, கேட்டு எழுதிட்டு வந்தது நானு.

அப்பத்தான் அந்த விருது வந்துச்சு. ஊர் வியாபாரிக சங்கத்தோட ஆண்டு விழா. கலைக்கும் ஊடகத்துக்கும் பாடுபட்டவுகளுக்கு மரியாதை. ஒரு நாதஸ்வரக்காரரு, ஒரு பழைய வாசகசாலை, எங்க சேனலு, அப்புறம் சிறந்த அறிவிப்பாளரு...

ஜெரினா.

விருது வாங்குறவுகளுக்கு வாழ்த்து மடல் அச்சடிச்சு, கண்ணாடி ஃப்ரேம் போட்டுக் குடுக்கிறது அங்க வழக்கம். சங்கத் தலைவர் அண்ணாச்சி நேரா எங்கிட்ட வந்தாரு.

"எல்லா மடலையும் நீயே எழுதிரும்மா. நீதான் நல்லா எழுதுவியாம்ல."

"வாசிக்கிறவுகளுக்கு மட்டும்தான் விருதா அண்ணாச்சி?" எப்படித்தான் வாயில வந்துச்சோ, கேட்டுட்டேன்.

"பின்ன? எழுதுறது ஆபீஸ் வேலைதானம்மா"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

நாதஸ்வரக்காரருக்கு முழுப் பக்கம் எழுதுனேன். வாசகசாலைக்கு எழுதுறப்ப, அங்க ஆடிக்கிட்டே நிக்கிற பெஞ்சைக்கூட விடல. சேனலுக்கு இருபது வரி. ஜெரினாவுக்கு வந்தப்ப பேனா நகரல. இனிய குரல், தெளிவான உச்சரிப்பு, பணி சிறக்க வாழ்த்துகிறோம்... யாருக்கு வேணாலும் பொருந்துற மாதிரி நாலு வரி.

தெரிஞ்சேதான் செஞ்சேன்.

அச்சகத்து அண்ணன் தலையைச் சொறிஞ்சாரு. "என்னம்மா, இவுகளுக்கு மட்டும் இம்புட்டுக் காலியாக் கெடக்கு? ரெண்டு பக்கமும் ரெண்டு மயிலைப் போட்ருவமா?"

"போடுங்கண்ணே."

விழாவுக்கு அம்மா வந்துருச்சு. விழா இருக்குன்னு மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். அது, எனக்குத்தான் ஏதோ குடுக்கப் போறாகன்னு நெனச்சுக்கிட்டு, பெட்டியில இருந்த பட்டைக் கட்டிட்டு பஸ்ஸேறி வந்து, மொத வரிசையில உக்காந்திருச்சு.

"ஒம் பேரை எப்பத்தா கூப்புடுவாக?"

நான் குனிஞ்சு அதோட பட்டு முந்தானையைச் சரி பண்ணி விட்டேன்.

மடலெல்லாம் மேடையில வாசிச்சதும் ஜெரினாதான். வாசகசாலை பெஞ்சு வந்த எடத்துல மண்டபமே சிரிச்சுக் கை தட்டுச்சு. கடைசியா அவ மடல். "என்னை நானே புகழ்ந்துக்கிட்டா நல்லாருக்காது. எங்க ஆபீஸ் வளர்மதி வந்து வாசிப்பாக"ன்னு மைக்குல கூப்பிட்டுட்டா.

எம் பேரைக் கேட்டதும் அம்மா கை தட்டுச்சு. அம்புட்டுப் பெரிய மண்டபத்துல அது ஒரு ஆளு மட்டும்.

ஏறுனேன். கையில ஃப்ரேமு. ரெண்டு பெரிய மயிலு, நடுவுல நாலு வரி. நடுங்கி நடுங்கி வாசிச்சும் சட்டுனு முடிஞ்சுபோச்சு. இன்னும் இருக்கும்னு ஜனம் காத்திருந்துச்சு... அண்ணாச்சி இருமுனாரு. ஜெரினா பொன்னாடையோட பக்கத்துல நின்னு, அந்த ஃப்ரேமையே பார்த்துக்கிட்டிருந்தா.

பந்தியில வந்து எம் பக்கத்துல உக்காந்தா. அப்பளத்தை ஒடிச்சுக்கிட்டே, என் மொகத்தைப் பாக்காமச் சொன்னா:

"நீ எழுதுனதை ஒண்ணுவிடாம வாசிச்சிருக்கேன்டி. இம்புட்டு மோசமா நீ எழுதுனதே இல்ல."

என் எழுத்துல எது நல்லது, எது மட்டம்னு அந்த ஊர்ல தெரிஞ்ச ஒரே ஆளு அவதான். அவளுக்குத்தான் அந்த நாலு வரியைக் குடுத்திருந்தேன்.

இப்ப நான் விருதுநகர்ல ஒரு ஆபீசுல இருக்கேன். மத்தவுக கையெழுத்துப் போடுற லெட்டரை எழுதுறேன். அந்த மாடி இப்ப பாத்திரக்கடை குடோனு. ஊர்ச் செய்தியெல்லாம் ஃபோன்ல வந்துருது. விருதும் ஃபோன்லதான்... ஒரு ஃபோட்டோ, நூறு ஹார்ட்டு, கை தட்டுற பொம்மை. மடல் எழுதிக் குடும்மான்னு யாரும் வர்றதில்ல.

ஜெரினா கல்யாணம் முடிஞ்சு துபாயில, தமிழ் ரேடியோவுல பேசுறா. அந்த ஃப்ரேமு மட்டும் அவுங்க அத்தா கடையில இன்னும் தொங்குது. போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனப்ப, "மயிலு நல்லாருக்குத்தா"ன்னு அம்மா சொல்லுச்சு.

நேத்து அவளுக்கு அங்க ஒரு விருது. ஃபோட்டோவைப் பார்த்ததும் வயிறு எரிஞ்சுச்சு. நல்லாவே எரிஞ்சுச்சு. 'வாழ்த்துகள்'னு ஒத்தை வார்த்தையைப் போட்டுட்டு ஃபோனைக் கவுத்து வச்சேன்.

கொஞ்ச நேரத்துல பதில் வந்துச்சு. "இந்தத் தடவை நாலு வரி கூட இல்லையாடி?"

அதான், காலையில இருந்து உக்காந்து இந்த மடலை எழுதுறேன். கிராம்புல ஆரம்பிச்சேன்... எரிச்சல் இன்னும் அடங்கல.

ஆனா வரியை எண்ணிக்கடி ஜெரினா. இதுல மயிலு போட எடமே இல்ல.