இரண்டு வடமும் முன்னால்

சக்கரம் வைத்த வீடு கட்டப்போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது நான் நாலு மாதம் முழுகாமல் இருந்தேன். பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவர் தேயிலைப் பெட்டி அடிக்கும் தச்சர். தோட்டத்தை நடத்தும் துரையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டார். மறுநாளே அவர் பேரையும், கொழுந்து பறிக்கும் என் பேரையும் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள். பேர் போனால், லயம் என்கிற வரிசை வீட்டில் தோட்டம் கொடுத்திருந்த ஒற்றைக் காம்பிராவும் போகும். பிறந்து வளர்ந்த இடத்தைக் காலி பண்ண மூன்று மாதத் தவணை! எனக்கு அழக்கூட வரவில்லை.

"சக்கரம் எதுக்குங்க?"

"நாளைக்கு இன்னொருத்தன் போடான்னா, வீட்டையே இழுத்துக்கிட்டுப் போயிறலாம் புள்ள."

பதுளையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், உடைந்த டிரெயிலர் ஒன்றின் அடிச்சட்டத்தை நாலு சக்கரத்தோடு கொடுத்தார். மலையடியில் மெயின் ரோட்டோரம் இருந்த தன் துண்டு நிலத்தில் வீட்டை நிறுத்திக்கொள்ளவும் சொன்னார்.

தோட்டத்து அம்மன் கோயிலுக்குப் பின்னால் வைத்து, கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிப் பலகையால் என் வீட்டுக்காரர் அந்தச் சட்டத்தின்மேல் சுவர் அடித்தார். உள்பக்கம் பெட்டியின் ஈயத்தாள் பளபளத்தது. தகரக் கூரை, ஒரு கதவு, ஒரே ஒரு ஜன்னல். காலை நீட்டினால் அடுப்பு இடிக்கும். ஆனாலும் என் கண்ணுக்கு அது மாளிகையாகத்தான் தெரிந்தது. இப்போது அதை ஒளிப்பானேன்?

தவணை முடியும் நாள் காலையில் லயமே திரண்டு வந்தது. சக்கரமும் கூரையும் உள்ள ஒன்றை இழுப்பதென்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே முறைதான் தெரியும், தேர் இழுக்கிற முறை. கோயில் வடங்கள் இரண்டையும் கொண்டுவந்து முன்னால் கட்டினார்கள். சக்கரத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

"வெறுந்தேரு இழுக்கக் கூடாதுப்பா" என்றாள் பக்கத்துக் காம்பிரா அக்கா. உடனே ஏழு மாத வயிற்றோடு என்னை உள்ளே ஏற்றி, கையில் விளக்கைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

அம்மன் தேர் ஓடுவது லயங்களுக்கு நடுவே சமதளத்தில். நாங்கள் போகவேண்டியதோ இறக்கத்தில். பின்னால் பிடித்து இழுக்க ஒரு கயிறு வேண்டுமே என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டியவருக்கே தோன்றவில்லை! முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, திருவிழாவில் நடப்பதுபோல் பெருமையாக வீட்டுக்குப் பக்கத்தில் நடந்துவந்தார்.

தேயிலை அரைக்கிற ஸ்டோரைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் வீடு தானாக ஓட ஆரம்பித்தது. இழுத்தவர்கள் வடத்தைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் தேயிலைக்குள் பாய்ந்தார்கள். "புடிங்கடா! புடிங்கடா!" என்று அவர் கத்துவது தூரத்தில் கேட்டது. பிடிக்கத்தான் எதுவும் இல்லையே. விளக்கு அணைந்தது. சட்டிபானை என்மேல் உருண்டது. ஜன்னலில் தேயிலை பச்சையாக ஓடியது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளை போச்சு என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

ஒரு வளைவில் எதிலோ இடித்து வீடு நின்றது. மூச்சிரைக்க ஓடிவந்தவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தரையில் விழுந்து, சக்கரத்தடியில் கட்டையைச் செருகினார். எனக்கு வந்ததே கோபம்.

"நான் உள்ள செத்துக் கெடக்கேன், உங்களுக்குச் சக்கரந்தான் பெருசாப் போச்சா?"

அவர் கதவைத் திறந்து என்னை இறக்கினார். அப்போதுதான் ஜன்னல் இல்லாத பக்கத்தைப் பார்த்தேன். ரோட்டோரக் கல் ஒன்றில் முன்சக்கரம் முட்டி நின்றது. ஒரு சாண் தள்ளியிருந்தால் கிடுகிடு பள்ளம். அடியில் ஓடுகிற ஆறு நூலாகத் தெரிந்தது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மிச்ச வழிக்கு ஒரு வடத்தைப் பின்னால் கட்டினார்கள். நான் நடந்தே வந்தேன். நானாவின் நிலத்தில் வீடு நின்றதும், "சக்கரத்தக் கழட்டுங்க" என்றேன்.

"கழட்டிட்டு? நாளைக்கு எவனாச்சும் போகச் சொன்னா என்னா செய்றது?"

"போக மாட்டோம்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு, சக்கரத்துக்குப் பதிலாக வீட்டுக்கு அடியில் வைக்கக் கல் பொறுக்கப் போனார்.