நான் அழிக்கச் சொன்ன ஏழு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மார்கழி மாதம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் போகிறவர்கள் என் வாசல் கோலத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்காமல் போக மாட்டார்கள். புள்ளி வைப்பதில் எனக்குத் தெரியாதது இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

என் நாத்தனார் ஐந்தாவது வரை படித்தவள். புருஷன் போனபின் எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு புடவை எடுக்கக்கூட என் முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. திருவானைக்கோவிலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன ஆனி மாதம் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

அங்கிருந்த மேடம் கணக்குப் புத்தகத்துத் தாள் ஒன்றை நீட்டினார். "பசங்க இதைப் போடும்போது நீங்கதான் பக்கத்துல உட்காரணும். போட்டுக் காட்டுங்கம்மா." போன் வந்ததும் வெளியே போய்விட்டார்.

தாள் முழுக்க முக்கோணமும் சதுரமும். நாத்தனார் விரல் விட்டு எண்ணி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசிக் கணக்கில் புள்ளிகள். மேலே ஒன்று, அதற்குக் கீழே மூன்று, அதற்கும் கீழே ஐந்து. அடுத்த வரியில் எத்தனை? ஏழு என்று எழுதினாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏண்டி, இப்படி விரிச்சுக்கிட்டே போனா கோலம் எதிர்வீட்டுக்கில்ல போயிடும்? அஞ்சு வந்தாச்சு. இனிமே மூணு, அப்புறம் ஒண்ணு. மூடணும்ல?"

"ரெண்டு ரெண்டாக் கூடுது அண்ணி."

"புள்ளியைப் பத்தி எனக்கா சொல்ற? அழிடி."

ரப்பரை எடுத்து அழித்து, மூன்று என்று எழுதினாள்.

மேடம் வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முதல்ல ஏழுன்னு சரியாத்தானே போட்டிருக்கீங்க? ஏன் அழிச்சீங்க?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன வயசு மேடத்திடம், தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

"குழம்பிட்டேங்க," என்றாள் நாத்தனார்.

"நீங்களே குழம்பினா குழந்தைங்க என்ன பண்ணும்? சரி, சொல்லி அனுப்புறோம்."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவள் கேட்டாள்: "ஏன் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மூன்றாம் நாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போனேன். "அழிக்கச் சொன்னது நான்தாங்க. அவ சரியாத்தான் போட்டா," என்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நேத்துதான் வேற ஒருத்தரைச் சேர்த்தோம்," என்றார் மேடம்.

இப்போது நாத்தனார் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். நான் போய்ச் சொன்னதை அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"எதுக்குங்க அண்ணி வெயில்ல அவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்றாள்.

அதுவரை அவள் என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை.