பனிச் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

வெளிநாட்டில் இருக்கும் என் மகள், தான் கூட்டாளிகளோடு போனில் பேசிக்கொண்டே ஆடும் விளையாட்டில் என்னையும் சேர்த்துவிட்டாள். அவள் குரலைக் கேட்க எனக்கு அது ஒன்றுதான் வழி. கூச்சத்தில் நான் வாயே திறக்கமாட்டேன்.

விளையாட்டில் வெறும் பனிக்காட்டைத் திருத்தி, உருளைக்கிழங்கு வளர்த்திருந்தார்கள். ஒருநாள் இலைகளில் பனி உறைந்திருந்தது. நான் வேலை பார்க்கும் மூணாறு தேயிலை எஸ்டேட்டில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவோம். அப்படியே ஊற்றினேன். தண்ணீரும் உறைந்து செடியெல்லாம் செத்தது.

“எந்தக் கூமுட்ட ஊத்துனது?” என்றான் ஒருவன். “ஏட்டி, ஒனக்குத் தெரிஞ்ச ஆளா?”

“எனக்குத் தெரியாதுப்பா. யாரோ. வெளிய தள்ளிரு” என்றாள் மகள்.

திரை கறுத்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை.