காதுக்குப் பின்னால் ஒரு காசளவு

"நல்லா ஜோடிச்சிருக்கா" என்று சொல்லப் போகிறவர்கள் இப்போதே சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு வருத்தமில்லை. இது எனக்கு நடந்தது. அத்தாட்சி என் இடது காதுக்குப் பின்னால் இருக்கிறது. யார் கேட்டாலும் முடியை ஒதுக்கிக் காட்டுகிறேன்.

பேய் என்றால் அமாவாசை, நாய் ஊளை, நடுராத்திரி என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எனக்கு வந்தது வியாழக்கிழமை மதியம், இரண்டே முக்கால் மணிக்கு.

வருடம் 2005. புனேயில் சாங்வி. நானும் என் கணவர் ஹரிபிரசாத்தும் கோயம்புத்தூரிலிருந்து அங்கே போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு ஹிஞ்சவடியில் சாஃப்ட்வேர் வேலை. நான் ஊரில் பார்த்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மராத்திக்குத் தலையாட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

என் முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பிறவியிலேயே ஒரு பெரிய மச்சம். இடது கன்னத்தில் ஆரம்பித்து, காதைச் சுற்றிக்கொண்டு பின்கழுத்து வரை போகும். நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். ஊரில் இதற்கு வைத்தியம் சொல்லாத வாய் கிடையாது. கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சைச் சாறு, கழுதைப்பால். பெண் பார்க்க வந்த ஒரு மகராசி, நான் கொடுத்த காபியை உறிஞ்சிக்கொண்டே, "தேய்ச்சுக் குளிச்சாப் போகாதா?" என்று கேட்டாள். ஹரிபிரசாத் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்காத ஆள் ஒன்றும் நினைக்கவும் மாட்டான் என்று நம்பினேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

மே மாதம் ஆகுர்டியில் ஒரு புரோக்கரிடம் பழைய கார் வாங்கினார். வெள்ளை நிறம். நன்றாகப் பராமரித்த வண்டி. ஒரே ஒரு குறை. பானெட்டின் முன் ஓரத்தில் இரண்டு இடங்களில் திட்டுத் திட்டாகப் பழுப்புக் கறை இருந்தது. பறவை எச்சம் என்றார் புரோக்கர். மரத்துப் பால் சொட்டியிருக்கும் என்றார் ஹரி.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் கறைதான். நான் வாளி பிடிக்க வேண்டும். அவர் தேய்ப்பார். அதற்கு ஆயிரம் சட்டம் வைத்திருந்தார். முதலில் சோப்புத் தண்ணீர். அசையாவிட்டால் மண்ணெண்ணெய் தொட்ட பழைய பனியன் துணி. அதற்கும் அசையாவிட்டால்தான் ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை.

"வட்டமாத் தேய்க்கக் கூடாது சியாமளா. நேர் கோடாத் தேய்க்கணும். மேலிருந்து கீழே. இல்லாட்டி சுழி சுழியாக் கோடு விழும்."

முக்கியமான சட்டம் இன்னொன்று. எந்த மருந்தையும் நேராகக் கறையில் வைக்கக் கூடாது. யார் கண்ணிலும் படாத ஒரு மறைவான இடத்தில் காசளவுக்குத் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் விட வேண்டும். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் கறைக்கு வர வேண்டும். துடைத்து முடித்ததும் அவர் 'ஃபூ' என்று ஊதுவார். தலையைச் சாய்த்து, வெளிச்சம் படும்படி ஓரக்கண்ணால் பார்ப்பார். என்னை அவ்வளவு கவனமாக அவர் பார்த்ததே இல்லை.

அப்படி மறைவான இடம் தேடும்போதுதான் முதல் விஷயம் கண்ணில் பட்டது. கதவின் அடி விளிம்பில் ஏற்கெனவே காசளவுக்கு ஒரு பளபளப்பு இருந்தது. பெட்ரோல் மூடிக்குள் ஒன்று. பானெட்டின் உட்பக்கம் ஒன்று. நமக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவனும் டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கிறான்.

"நம்ம ஜாதி!" என்று ஹரி சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேய்த்தால் கறை மங்கும். புதன்கிழமை வரை மங்கலாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் பழையபடி நிற்கும். நான் கொடியில் காயப்போட்ட பனியன் துணி ஒவ்வொரு வியாழன் சாயங்காலமும் ஈரமாக இருக்கும். தண்ணீர் ஈரம் இல்லை. முகர்ந்தால் மூக்கு எரியும்.

மழை என்றார் ஹரி. கூரைக்குக் கீழே கட்டிய கொடியில் எந்த மழை வந்து நனைக்கும்?

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வியாழன்தான் வார விடுமுறை. எங்களுக்கோ லோட் ஷெடிங். மின்விசிறி நின்றது. லிஃப்ட் நின்றது. வெளியே மழை இருட்டிக்கொண்டு கொட்டியது. கடைக்குப் போகக் குடை தேடினேன். குடை காருக்குள் இருந்தது. அன்று ஹரி ஆபீஸ் பஸ்ஸில் போயிருந்தார்.

சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பார்க்கிங் கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே இருக்கும். கரண்ட் இல்லாததால் மங்கல். வாட்ச்மேன் நாற்காலி காலி.

சர்ர்... சர்ர்...

யாரோ துணியால் எதையோ தேய்க்கும் சத்தம். வேறு பிளாட்காரர் வண்டி துடைக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் காருக்குப் பக்கத்தில் போனதும் சத்தம் நின்றது. யாரும் இல்லை.

பானெட்டில் கறை இருந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

பின் சீட்டில் குடையைக் காணவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, குனிந்து, காலடியில் துழாவினேன். குடை கிடைத்தது. நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே மழைச் சத்தம் திடீரென்று தூரமாகப் போய்விட்டது.

அந்த வாசனை வந்தது. மூக்கை எரிக்கிற வாசனை.

என் இடது காதுக்குப் பின்னால் இருந்த முடியை யாரோ ஒதுக்கினார்கள். மெதுவாக. மரியாதையாக.

பிறகு ஈரத்துணி.

சில்லென்று இருந்தது. மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே. வட்டமாக இல்லை... நேர் கோடாக.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கை குடையைப் பிடித்தபடியே இருந்தது. எதிரே கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. என் பின்னால் சீட் காலி.

சர்ர்... சர்ர்...

நின்றது.

'ஃபூ' என்று ஒரு மூச்சு. காதுமடலில் பட்டது.

பார்க்கிறான். தலையைச் சாய்த்துப் பார்க்கிறான். அது எனக்குத் தெரிந்தது.

பிறகு ஓர் ஆண் குரல். திருப்தியான குரல். மராத்தியில் ஒரே வார்த்தை.

"சாலேல்."

பரவாயில்லை, சரிப்பட்டு வரும் என்று அர்த்தம். காய்கறிக்காரனிடம் தினமும் கேட்கிற வார்த்தை.

நான்கு மாடி எப்படி ஏறினேன் என்று தெரியாது.

வீட்டில் இரண்டு கண்ணாடியைப் பிடித்துக் காதுக்குப் பின்னால் பார்த்தேன். நாவல்பழ நிறத்துக்கு நடுவே, எட்டணாக் காசளவுக்கு, என் உடம்பு நிறம். காயம் இல்லை. எரிச்சல் இல்லை. பிறந்ததிலிருந்து போகாதது அந்த இடத்தில் போயிருந்தது.

ராத்திரி ஹரி வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். தலையைச் சாய்த்தார்.

"ஒண்ணுமே ஆகலையே சியாமளா. தோல் அப்படியே இருக்கு."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சுங்களா? வண்டிக்குள்ள யாரோ இருக்காங்க. நாளைக்கே வித்துருங்க."

"பார்க்கலாம், இரு. ஒரு வாரம் போகட்டும்."

அந்த வாரம் முழுக்க அவர் ரொம்பப் பிரியமாக இருந்தார். தினமும் ராத்திரி முடியை ஒதுக்கிப் பார்த்தார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இல்லாத பிரியம். செவ்வாய்க்கிழமை சொன்னார். "வியாழக்கிழமை லீவு போட்டிருக்கேன்." எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம், அவர் வற்புறுத்தியதால் அதே காரில், ஆகுர்டி பக்கம் தமிழ்க்காரர்கள் வரும் ஒரு கோயிலுக்குப் போனோம். அவர் உள்ளே போனார். நான் அந்தக் காரை விட்டுத் தள்ளி, மரத்தடியில் நின்றேன். வனஜா என்று ஓர் அம்மாள், முப்பது வருடமாக ஆகுர்டியில் இருக்கும் தமிழ்க்காரி, எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டாள். நம்பர் பிளேட்டைப் பார்க்கவில்லை. பானெட்டைப் பார்த்தாள். நான் கிட்டே போனேன்.

"அர்ரே... இந்த காடி, இந்த வண்டி உங்களுதா?"

"ஆமாங்க. ஏனுங்க?"

என் கன்னத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"எங்க எதிர் பிளாட்காரன் வண்டிம்மா இது. ஃபேக்டரில பெயிண்ட் செக் பண்ற வேலை அவனுக்கு. வண்டில தூசி இருந்தாத் தாங்க மாட்டான். பெண்டாட்டி தங்கமான பொண்ணு. கன்னத்துல ஒரு மச்சம், இத்தனை பெரிசு. அவளை ஒரு நாள் அடிச்சதில்லை, திட்டினதில்லை. எடுத்துடலாம் எடுத்துடலாம்னே சொல்லிட்டு இருப்பான்."

நான் சேலைத் தலைப்பால் கன்னத்தை மூடிக்கொண்டேன்.

"ஃபேக்டரிலேர்ந்து பெயிண்ட் உரிக்கிற மருந்து கொண்டுவந்தான். கொஞ்சமா எதையோ கலந்து, முதல்ல காதுக்குப் பின்னாடி வெச்சுப் பார்த்திருக்கான். ஒரு வாரம் ஒண்ணும் ஆகலை. அடுத்த குருவாரம், வியாழக்கிழமை, கீழே பார்க்கிங்குக்குக் கூட்டிட்டுப் போனான். கொஞ்சம் எரியும், அசையாம நில்லுன்னானாம். அவ நின்னிருக்கா. எரியவும் ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்தினா. தாங்க முடியாம அதே கையால வண்டியைப் பிடிச்சிருக்கா. அந்தக் கைதாம்மா இது."

பானெட்டில் அந்தத் திட்டுகள். இந்தப் பக்கம் ஐந்து. அந்தப் பக்கம் ஐந்து. இத்தனை நாள் நான் ஏன் எண்ணிப் பார்க்கவில்லை?

"மூணாம் நாள் போயிட்டா. அவன் ஜெயில்லயே செத்தான். ஆனா ஒண்ணும்மா... சத்தம் கேட்டு நாங்க ஓடிப் போறோம். அவ தரையில கிடக்கா. அவன் பானெட்டுக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தான். முதல்ல வண்டியைத்தான் கழுவினான்."

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், ஒன்று விடாமல் ஹரியிடம் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். அழுவார், பயப்படுவார், வா இப்பவே ஊருக்குப் போகலாம் என்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையைச் சாய்த்து என் கன்னத்தைப் பார்த்தார்.

"அவன் அதுல என்ன கலந்தான்னு அந்தம்மா சொன்னாங்களா?"

விடிவதற்குள் பஸ் ஏறிவிட்டேன். கட்டிய சேலையோடு. திரும்பிப் போகவே இல்லை.

அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. பெரிதாகவும் இல்லை, மூடிக்கொள்ளவும் இல்லை. சில வியாழக்கிழமைகளில் அதில் ஈரம் இருக்கும். துடைத்துவிடுவேன். துடைத்துவிட்டு, இரண்டு கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பேன்.

உண்மையைச் சொன்னால் என்ன? அந்த இடம் அழகாகத்தான் இருக்கிறது.